வலது காலுக்கு ஓய்வு: வீட்டில் கட்டிய காருக்குள் குறூஸ் கொன்ரோல்

கார் ஓட்டும்போது அதிகம் பாடுபடுவது வலது கால். பெருந்தெருவில் இரண்டு மணித்தியாலம் ஒரே வேகத்தில் போவதென்றால் அந்தக் கால் அசையவும் கூடாது, தளரவும் கூடாது. நல்ல காலுக்கே இது அலுப்பு. முழங்காலுக்குள் எறிகணைச் சிதறலோடு வாழ்பவருக்கு அரை மணித்தியாலத்திலேயே வலி தொடங்கிவிடும்.

என் பெரியப்பாவின் மகன் அப்படியொருவர். இப்போது இங்கிலாந்தில் இருக்கிறார். கராச் வேலையை அவர் பழகியது தொண்ணூறுகளின் யாழ்ப்பாணத்தில். பெற்றோலுக்குத் தடை. சிறு போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலைக் காபரேற்றருக்குள் கொஞ்சம் விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிட்ட காலம். பழைய ஒஸ்ரின் கார்களும் மொறிஸ் மைனர்களும் புகை கக்கியபடி ஓடியதை அந்த வயதுக்காரர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்தக் கைப்பழக்கம் அண்ணாவை விடவில்லை. வார இறுதிகளில் வேலைசெய்து, மூன்று வருடத்தில் தனக்கென்று ஒரு கார் கட்டி முடித்தார்.

பிரித்தானியாவில் இது விசித்திரமான காரியமல்ல. 1957 இல் வெளிவந்த லோட்டஸ் செவன் காரைப் பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் வரி மிச்சம் என்பதால் பலர் அப்படியே வாங்கினார்கள். 1973 இல் அந்தக் காரின் உரிமை கேற்றர்ஹாம் நிறுவனத்திடம் போனது. 1996 இல் றொன் சாம்பியன் என்பவர் எழுதிய கைநூலொன்று, பழைய கார் ஒன்றையும் இரும்புக் குழாய்களையும் வைத்து எவரும் இப்படியொன்றைக் கட்டலாம் என்ற துணிச்சலைப் பலருக்குக் கொடுத்தது. அண்ணா எடுத்தது பழைய மஸ்டா எம்எக்ஸ்-5. அதன் இயந்திரம், கியர்பெட்டி, அச்சுகளைக் கழற்றி, வாங்கிய சட்டகத்தில் பூட்டினார். கதவுமில்லை, கூரையுமில்லை. குறூஸ் கொன்ரோல் எங்கிருந்து வரும்?

இந்தக் கருவியைக் கண்டுபிடித்தவர் கார் ஓட்டத் தெரிந்தவரல்ல. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த றால்ஃப் ரீற்றர் ஐந்து வயதில் கத்தி பட்டுக் கண்ணை இழந்து, விரைவிலேயே இரண்டு கண்ணும் தெரியாமல் போனவர். சிறுவனாக இருந்தபோதே ஒன்றுவிட்ட சகோதரனோடு சேர்ந்து வீட்டில் ஒரு கார் கட்டியவர். 1912 இல் பொறியியல் பட்டம் பெற்றார். அவருடைய வழக்கறிஞர் கார் ஓட்டும்போது பேசினால் வேகம் குறையுமாம், கேட்டால் கூடுமாம். பக்கத்தில் இருந்தவருக்குக் கண் தெரியாததால் அந்தக் குலுக்கல் இன்னும் கூடுதலாகத் தெரிந்திருக்கும் என்பது என் எண்ணம். 1950 இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. 1958 ஆம் ஆண்டு மொடல் கிறைஸ்லர் கார்களில் அது விற்பனைக்கு வந்தது.

பிறகு பூட்டிக்கொள்ளும்படி தனியாக விற்கப்படும் கருவியில் மூன்று பகுதிகள் உண்டு. வேகத்தை அறியும் உணரி, கணக்குப் பார்க்கும் சிறு பெட்டி, ஆக்சிலேற்றர் கேபிளை இழுக்கும் மோட்டார். அண்ணாவின் காரில் கியர்பெட்டியிலிருந்து பின்னச்சுக்குப் போகும் சுழல்தண்டில் காந்தங்களைக் கட்டி, பக்கத்தில் ஒரு கம்பிச்சுருளை வைத்தோம். காந்தம் கடக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு மின்துடிப்பு. பெட்டி அதை எண்ணுகிறது. எண்ணிக்கை குறைந்தால் மோட்டார் கேபிளை இழுக்கும், கூடினால் தளர்த்தும். ஒரு பின்னேரத்தில் இவ்வளவும் பூட்டி முடிந்தது.

மிச்சம் ஒரு கிழமை எடுத்தது. “பிடிக்கிறது லேசு தம்பி, விடுறதுக்குத்தான் இவ்வளவு வயரும்,” என்றார்.

மோட்டாருக்கும் கேபிளுக்கும் நடுவில் ஒரு மின்காந்தக் கிளச் இருக்கிறது. மின்சாரம் இருந்தால் மட்டுமே அது பிடிக்கும். நின்றால் விட்டுவிடும், ஆக்சிலேற்றரின் ஸ்பிறிங் தானாக மூடிக்கொள்ளும். அந்தக் கிளச்சின் எர்த் வருகிற வழிதான் எனக்குப் பிடித்த இடம். கருவியின் ஒரு வயர் பிறேக் லைற் வயரோடு சேர்கிறது. பிறேக் மிதிக்காதபோது பல்பின் இழையூடாக அந்த வயருக்கு எர்த் கிடைக்கும். பிறேக்கைத் தொட்டவுடன் அதே வயரில் 12 வோல்ற் ஏறும். எர்த் போய்விடும், கிளச் விட்டுவிடும். நடுவில் எந்தக் கணக்குப் பெட்டியும் இல்லை.

ஆனால் அண்ணாவின் காரில் கருவி பிடிக்கவே இல்லை. நான்கு நாள் வயர் வயராகச் சோதித்தோம். காரணம், அவர் பின்னால் பூட்டியிருந்தது இழையில்லாத எல்ஈடி லைற்றுகள். அவற்றினூடாக எர்த் சரியாகக் கிடைக்காது. அந்த வயரை நேரே சட்டகத்தில் பூட்டினாலும் கருவி வேலை செய்திருக்கும். சிலர் செய்கிறார்கள். அப்படிச் செய்தால் பிறேக்குக்கும் கிளச்சுக்கும் நடுவிலிருந்த நேரடித் தொடர்பு அறுந்துவிடும். அண்ணா அதைச் செய்யவில்லை. பிறேக் மிதித்தவுடன் எர்த்தைத் துண்டிக்கும் ஒரு றிலேயை நடுவில் போட்டார்.

கையால் கியர் மாற்றும் காரில் இன்னொரு ஆபத்து. குறூஸ் பிடித்திருக்கும்போது காலால் கிளச்சை மிதித்தால், சுமையில்லாத இயந்திரம் அலறிக்கொண்டு சுற்றும். அதனால் கிளச் மிதியிலும் ஒரு சுவிச் வேண்டும். இழுக்கும் கேபிள் வளைந்து சிக்கிக்கொள்ளாமலும் இருக்கவேண்டும். இயந்திரத்தை நிறுத்திவைத்து, மிதியை அழுத்தி அழுத்தி விட்டு, ஒவ்வொரு முறையும் அது முழுதாகத் திரும்புகிறதா என்று அரை மணித்தியாலம் பார்த்தார். எனக்கு அலுத்துவிட்டது. அவருக்கு அலுக்கவில்லை.

மஸ்டா ஏறக்குறைய 1,000 கிலோ. கட்டிய கார் 650 கிலோ அளவு. ஆக்சிலேற்றரைச் சற்று இழுத்தாலே பாயும். முதல் ஓட்டத்தில் கார் முன்னும் பின்னுமாக ஊஞ்சல் ஆடியது, ரீற்றரின் வழக்கறிஞர் ஓட்டியது போல. பெட்டியின் உணர்திறனைக் குறைத்த பிறகு அமைதியானது. மணிக்கு 70 மைல் என்ற நெடுஞ்சாலை எல்லையில் பிடித்துக்கொண்டு, காலை மடக்கி நீட்டியபடி வந்தார். காப்புறுதி நிறுவனத்துக்கும் மாற்றத்தை அறிவித்தார். அறிவிக்காவிட்டால் விபத்தின்போது இழப்பீடு சிக்கலாகும்.

புதிய கார்களில் கேபிளே இல்லை. மிதியிலிருந்து மின்சமிக்ஞைதான் போகிறது. அவற்றுக்கு விற்கப்படும் கருவி அந்தச் சமிக்ஞையைப் போல ஒன்றை அனுப்புகிறது. மிதியில் இரண்டு உணரிகள் இருக்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் காரின் கணினி வேகத்தைக் கட்டுப்படுத்திவிடும். அனுபவமில்லாதவர் கைவைக்கக்கூடாத இடம் அது.

இவ்வளவையும் இங்கே எழுதக் காரணம், ஊருக்கு வந்து இதைச் சொன்னபோது பலர் ஒரே கேள்வியைக் கேட்டதுதான்: வலது கால் இல்லாதவருக்கு இது உதவுமா? உதவாது. குறூஸ் கொன்ரோல் பிறேக் பிடிக்காது, வாகனத்தைக் கிளப்பாது, சந்தியில் நிற்காது. மாடு குறுக்கே வரும் ஏ9 வீதியில் அதை நம்பி ஓடவும் முடியாது. மழையில் வழுக்கும் வீதியிலும் அதைப் போடக்கூடாது. கால் இல்லாதவருக்கு வேண்டியது ஆக்சிலேற்றரையும் பிறேக்கையும் கைக்குக் கொண்டுவரும் நெம்பும், அதைச் சரியாகப் பூட்டத் தெரிந்தவரும். பக்கச் சில்லுப் பூட்டிய மோட்டார் சைக்கிள்களில் ஆக்சிலேற்றர் ஏற்கெனவே கையில்தான் இருக்கிறது. கை வலிக்கிறதென்று அந்தப் பிடியை றப்பர் பட்டியால் இறுக்கி வைத்தால், அதை விடுவிக்க ஒரு வயரும் இல்லை. பட்டியைக் கழற்ற வேண்டிய அந்தக் கை, அந்த நேரம் பிறேக்கைத் தேடிக்கொண்டிருக்கும்.