முற்றத்தில் நின்று பார்த்த நாடகம்

2018ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். இலண்டனில் முதுமாணிப் பட்டத்துக்கான ஆய்வேட்டை எழுதி எழுதிக் களைத்துப்போயிருந்தேன். ஒரு நாளாவது புத்தகத்தைத் தொடுவதில்லை என்று தீர்மானித்து, பாணுக்குள் சம்பலை வைத்துக் கட்டிக்கொண்டு காலையிலேயே புறப்பட்டேன். பிற்பகலில் குளோப் அரங்கில் ‘ஹம்லெற்’ நாடகம். நின்று பார்ப்பதற்கு ஐந்து பவுண். நம் பணத்தில் அப்போது ஆயிரம் ரூபாவுக்குச் சற்று அதிகம். மாணவிக்கு அதுவும் யோசித்துச் செலவழிக்க வேண்டிய காசுதான்.

முதலில் பிரித்தானிய நூதனசாலைக்குப் போனேன். அங்கே நுழைவு இலவசம். ஒரு நாளில் பார்த்து முடிக்கக்கூடிய இடமல்ல; நான் தேடிப் போனதும் ஒருத்தியை மட்டுமே. 33ஆம் இலக்க மண்டபத்தில் நிற்கிறாள் தாரா. 143 சென்ரிமீற்றர் உயரம்; பொன்முலாம் பூசிய வெண்கலம்; எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவள். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் கண்டெடுக்கப்பட்டவள் என்கிறார்கள். என் ஊரும் அந்தப் பக்கந்தான். இலங்கையின் தேசாதிபதியாக இருந்து திரும்பிய ரொபர்ட் பிரவுன்றிக் 1830இல் அவளை நூதனசாலைக்குக் கொடுத்தார். இடைக்கு மேல் ஆடையில்லை என்பதற்காகச் சுமார் 30 ஆண்டுகள் பொதுமக்கள் கண்ணில் படாமல் வைத்து, ஆய்வாளருக்கு மட்டும் காட்டினார்களாம். வணங்குவதற்கென்று வார்த்த தெய்வத்தை! நான் அவள் முன்னால் நின்றபோது ஒரு சிறுமி அவளுடைய கையைப் போலத் தன் கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ் காசை மிச்சம்பிடித்து நடந்தேன். புனித பவுல் தேவாலயத்தை வெளியில் நின்றுதான் பார்த்தேன். உள்ளே போகக் கட்டணம். அங்கிருந்து தேம்ஸ் நதியைக் கடக்கும் நடைபாலம் 2000ஆம் ஆண்டு திறந்தபோது ஆடியதால் இரண்டு நாளில் மூடப்பட்டு, 2002இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. எனக்கு அது ஆடவில்லை.

பாலத்தின் மறுகரையில் குளோப். 1599இல் கட்டிய முதல் அரங்கு, 1613இல் நாடகத்தின் நடுவே வெடித்த பீரங்கியின் பொறி கூரையில் பற்றி எரிந்துபோனது. இன்றுள்ளது 1997இல் திறந்தது. இதற்காகப் பல ஆண்டுகள் உழைத்த அமெரிக்க நடிகர் சாம் வனமேக்கர், திறப்பைக் காணாமலே 1993இல் காலமானார்.

உள்ளே நுழைந்ததும் எனக்கு எங்கள் ஊர் வட்டக்களரிதான் நினைவுக்கு வந்தது. வானம் தெரியும் முற்றம், சுற்றிவரச் சனம், நடிகரைத் தொடும் தூரம். எங்கள் மாமா வடமோடிக் கூத்தில் திரௌபதை வேடம் கட்டுவார். அம்மம்மாதான் சேலை உடுத்திவிட்டு, தன் நகையையும் கழற்றிப் போடுவா. பதின்மூன்று வயதில் நானும் ஆடக் கேட்டேன், அருச்சுனனாக. “பொம்புளப் புள்ள களரியில ஏறினா ஊர் என்ன சொல்லும்?” என்றார் அண்ணாவியார். மாமா வாய் திறக்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு நெடுநாள் இருந்தது.

ஷேக்ஸ்பியரின் காலத்து இலண்டனிலும் இதே கதைதான். பெண் வேடங்களைப் பையன்களே கட்டினார்கள். 1660இல்தான் பெண்கள் இங்கே தொழில்முறை மேடையேறினார்கள். அன்று நான் பார்த்த ஹம்லெற்றோ ஒரு பெண், அரங்கின் கலை இயக்குநர் மிஷெல் ரெறி. ஒபீலியாவாக நடித்தவர் சுபம் சராஃப் என்ற ஆண். முதல் பத்து நிமிடம் இது விசித்திரமாக இருந்தது. பிறகு மறந்துவிட்டேன். தகப்பனை இழந்த பிள்ளையின் கோபம் மட்டுமே எதிரில் நின்றது. ஒபீலியா சித்தம் கலங்கிய காட்சியில் முற்றத்தில் ஒரு இருமல்கூடக் கேட்கவில்லை. பழைய ஆங்கிலத்தில் பாதி எனக்கு விளங்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மூன்று மணித்தியாலம் நின்றதில் கால் இரண்டும் மரத்துப்போயின.

வெளியே வந்து ஆற்றங்கரைச் சுவரில் உட்கார்ந்து மாமாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். ஊரில் இரவு ஒன்பதரை தாண்டியிருந்தது. இளவரசனாகப் பெண் ஆடியதைச் சொன்னபோது “ஓம்” என்றார். பெண்ணாக ஆண் ஆடியதைச் சொன்னதும் குரல் மாறிவிட்டது.

“அவனுக்குச் சேலை ஆரு புள்ள உடுத்தினது?”

“சேலையில்ல மாமா, கவுண்.”

சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அண்டைக்கு நான் அண்ணாவியாரோட கதைச்சிருக்கலாம்” என்றார். நான் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. அம்மா சாப்பிட்டாவா என்று கேட்டேன்.