சிறுநீர் மேல்நோக்கித் திரும்புகிறதா? குழந்தைகளுக்கான நுண்குமிழி ஸ்கேன்

சளியோ இருமலோ இல்லாமல் குழந்தைக்குக் கடுங்காய்ச்சல் வந்து, தணிந்து, சில மாதங்களில் மீண்டும் வந்தால், சிறுநீர்த் தொற்று உள்ளதா என்று பார்ப்பது அவசியம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வரும் பெற்றோர், “காய்ச்சல்தான் நின்றுவிட்டதே, இன்னும் எதற்குச் சோதனை?” என்று எங்களிடம் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான்.

சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாய், சிறுநீர்ப்பையைச் சேரும் இடத்தில் ஒருவழிக் கதவைப் போல இயங்குகிறது. சில குழந்தைகளுக்கு அது சரியாக மூடாமல், சிறுநீர் மேல்நோக்கித் திரும்புகிறது. கிருமியும் உடன் சென்றால் சிறுநீரகத்தில் தழும்பு விழலாம். பிற்காலத்தில் இரத்த அழுத்தம் உயரலாம். காய்ச்சல் நின்றதால் பின்னோட்டமும் நின்றுவிட்டது என்று கொள்ள இயலாது. சாதாரண ஸ்கேனில் அது தெரியாமலும் போகலாம்.

இதனைக் கண்டறிய நீண்ட காலமாக எக்ஸ்-ரே சோதனையே பயன்பட்டு வருகிறது. நுண்குமிழி ஸ்கேனில் கதிர்வீச்சு இல்லை. மெல்லிய குழாய் வழியே சிறுநீர்ப்பையில் உப்புநீரும் நுண்குமிழி மருந்தும் செலுத்தப்படும். செங்குருதி அணுவைவிடச் சிறிய இக்குமிழிகள் திரையில் ஒளிர்கின்றன. பை நிறையும்போதும் குழந்தை சிறுநீர் கழிக்கும்போதும் அவை சிறுநீரகம் நோக்கி ஏறுகின்றனவா என்று பார்க்கிறோம். பின்னோட்டத்தின் அளவை 1 முதல் 5 வரை தரம் பிரிக்கிறோம். குழந்தைகளுக்கான இப்பயன்பாட்டிற்கு அமெரிக்கா 2016இல் ஒப்புதல் அளித்தது. இவ்வசதி எல்லா ஊர்களிலும் இல்லை. இல்லாத இடத்தில் எக்ஸ்-ரே சோதனையைத் தவிர்க்க வேண்டாம்.

பொதுவாக மயக்க மருந்தோ பட்டினியோ தேவையில்லை. குழாய் செலுத்துகையில் குழந்தை அழக்கூடும். தாயோ தந்தையோ அருகிலிருந்து கையைப் பற்றிக்கொள்ளுங்கள். “வலிக்கவே வலிக்காது” என்று பொய் சொல்லாமல், “கொஞ்சம் கூச்சமாக இருக்கும், நான் பக்கத்திலேயே இருப்பேன்” என்று கூறுங்கள். அன்று காய்ச்சலோ சிறுநீர் எரிச்சலோ இருந்தால், பேருந்து ஏறுமுன் தொலைபேசியில் தெரிவியுங்கள். தொற்று தீர்ந்த பின்னரே சோதனை செய்வோம். முன்பு ஏதேனும் மருந்து ஒவ்வாமல் போயிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

சோதனைக்குப் பின் நிறையத் தண்ணீர் கொடுங்கள். ஓரிரு முறை லேசான எரிச்சல் இருக்கலாம். குழந்தை ஒருமுறையேனும் சிறுநீர் கழித்த பிறகே மலைக்குப் புறப்படுங்கள். காய்ச்சல், குளிர்நடுக்கம், சிறுநீர் அடைப்பு ஆகியவற்றுள் எது வந்தாலும் மறுநாள்வரை காத்திராமல் அருகிலுள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

லேசான பின்னோட்டம் பல குழந்தைகளுக்கு வளர வளரத் தானே சரியாகிவிடுகிறது. யாருக்குக் கண்காணிப்பே போதும், யாருக்குச் சிகிச்சை வேண்டும் என்பதை முடிவுசெய்யவே உங்களை மீண்டும் ஒருமுறை மலையிறங்கி வரச் சொல்கிறோம்.