வெளிவராத இசைத்தட்டு: விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் பிரியாமல் இருந்திருந்தால்

பிரிந்துபோன இசைக்குழுவினர் தனித்தனியே செய்த பாட்டுகளைப் பொறுக்கியெடுத்து, அவர்கள் சேர்ந்தே இருந்திருந்தால் வந்திருக்கக்கூடிய இசைத்தட்டு ஒன்றைக் கற்பனையில் தொகுப்பது உலகெங்கும் பாட்டுப் பிரியர்களுக்குப் பழகிய வேலை. இதற்கு அதிகம் ஆளானவர்கள் இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவினர். 1970 ஏப்ரலில் அவர்களின் பிரிவு வெளியே தெரிந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் நால்வரும் தங்கள் பெயரில் தனித்தனி இசைத்தட்டுகளை வெளியிட்டுவிட்டார்கள். நான்கிலிருந்தும் சிறந்தவற்றை எடுத்து ஒன்றாக அடுக்கினால் என்ன கிடைக்கும் என்ற கேள்வி அன்றே பிறந்தது. 2014-இல் வந்த ‘பாய்ஹுட்’ என்ற அமெரிக்கப் படத்தில், ஒரு தகப்பன் தன் மகனின் பிறந்தநாளுக்கு இப்படித் தொகுத்த பாட்டுகளைப் பரிசளிக்கும் காட்சிகூட உண்டு.

தமிழில் இந்தக் கேள்விக்கு மிகப் பொருத்தமானவர்கள் மெல்லிசை மன்னர்கள் எனப் பெயர் பெற்ற எம்.எஸ்.விஸ்வநாதனும் டி.கே.ராமமூர்த்தியும். 1952 முதல் 1965 வரை இருவர் பெயரும் ஒன்றாகவே திரையில் வந்தது. பிறகு ஒவ்வொருவரும் தனியே இசையமைத்தார்கள். முப்பது ஆண்டு கழித்து ஒரே ஒரு படத்துக்காக மீண்டும் சேர்ந்தார்கள். இடைப்பட்ட காலத்தின் முதல் ஐந்து ஆண்டுகளில்தான் அந்த வெளிவராத இசைத்தட்டைத் தேட வேண்டும்.

ராமமூர்த்தி 1922-இல் திருச்சிராப்பள்ளியில் வயலின் வாசிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். விஸ்வநாதன் 1928-இல் பாலக்காட்டுக்கு அருகே எலப்புள்ளியில் பிறந்தவர். ஆர்மோனியம் அவருடைய கருவி. இசையமைப்பாளர் சி.ஆர்.சுப்பராமனின் குழுவில் இருவரும் வேலை செய்தார்கள். 1952-இல் சுப்பராமன் முப்பது வயதைக்கூட எட்டாமல் இறந்தபோது, ‘தேவதாஸ்’ உட்பட அவர் பாதியில் விட்டுச்சென்ற வேலைகளை முடித்துக் கொடுத்தவர்கள் இவர்கள். அதே ஆண்டில் என்.எஸ்.கிருஷ்ணன் இயக்கிய ‘பணம்’ படத்தில் இருவரும் இணைந்த இசையமைப்பாளர்களாக அறிமுகமானார்கள். 1961-இல் மட்டும் ‘பாவ மன்னிப்பு’, ‘பாசமலர்’, ‘பாலும் பழமும்’ முதலிய படங்கள். 1964-இல் ‘கர்ணன்’, ‘காதலிக்க நேரமில்லை’, ‘புதிய பறவை’. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இந்த மூன்றையும் ஒரே ஆண்டில் செய்து முடித்த வேகம் இன்று நினைத்தாலும் மலைக்க வைக்கிறது. 1963-இல் திருவல்லிக்கேணியில் நடந்த விழாவில் மெல்லிசை மன்னர்கள் என்ற பட்டம் இருவருக்கும் சேர்த்தே வழங்கப்பட்டது.

1965-இல் வந்த ‘ஆயிரத்தில் ஒருவன்’ அந்தக் கூட்டின் கடைசிப் பெரும் வெற்றி. பிரிவுக்கான காரணங்களைப் பற்றிக் கதைகள் ஏராளம். அவற்றில் எதுவும் இசையை விளக்குவதில்லை. இசை தெளிவாகச் சொல்வது வேறொன்றை: பிரிந்த கையோடு இருவரும் முழு வேகத்தில் வேலை செய்தார்கள். விஸ்வநாதன் தனியே அமைத்த ‘கலங்கரை விளக்கம்’ 1965-இலேயே வந்துவிட்டது. அடுத்த ஆண்டில் அவருக்கு ‘அன்பே வா’, ‘ராமு’, ‘பறக்கும் பாவை’. ராமமூர்த்திக்கு ‘சாது மிரண்டால்’, ‘தேன் மழை’, ‘மறக்க முடியுமா?’, ‘மெட்ராஸ் டு பாண்டிச்சேரி’. அதன்பின் எண்ணிக்கை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. விஸ்வநாதனின் படங்கள் நூற்றுக்கணக்கில் பெருக, ராமமூர்த்தி தனியே இசையமைத்தவை இருபதை எட்டவில்லை.

திரைப்பாட்டை வைத்து இப்படியொரு தட்டைத் தொகுப்பதில் முதலில் தெரியும் சிக்கல், அந்தப் பாட்டு ஒரு கதைக்கும் ஒரு காட்சிக்கும் உரியது என்பது. பீட்டில்ஸின் பாட்டு தனித்து நிற்பதற்கென்றே எழுதப்பட்டது. ‘பாசமலர்’ பாட்டு அண்ணனும் தங்கையும் இல்லாமல் பிறந்திருக்காது. ஆனால் இலங்கையில், குறிப்பாகக் கிழக்கில், இந்தச் சிக்கல் அவ்வளவு பெரிதாக இருக்கவில்லை. மட்டக்களப்பு வாவியோரத்து ஏறாவூரைப் போன்ற ஊர்களில் பாட்டு முதலில் வந்தது இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவை வழியாக, வானொலிப் பெட்டி இருந்த வீடுகளுக்கும் தேத்தண்ணிக் கடைகளுக்கும். படம் மட்டக்களப்புத் தியேட்டருக்கு வந்து சேரும்போது பாட்டு ஊருக்கு மனப்பாடமாகியிருக்கும். படத்தைப் பார்க்காமலே ஆயுள் முழுக்கப் பாட்டை மட்டும் கேட்டவர்களும் பலர். ‘பாவ மன்னிப்பு’ படத்தில் டி.எம்.சௌந்தரராஜனோடு நாகூர் ஈ.எம்.ஹனீபா சேர்ந்து பாடிய பாட்டு, முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஏறாவூர் போன்ற ஊரின் காதுக்கு ஒரு சினிமாப் பாட்டாக மட்டும் கேட்டிருக்க முடியாது. அது பெருநாட் பாட்டாகவும் கேட்டது.

இலங்கை வானொலி இன்னொரு பழக்கத்தையும் ஏற்படுத்தியது. ‘இசையும் கதையும்’ என்ற நிகழ்ச்சிக்கு நேயர்கள் ஒரு கதை எழுதி அனுப்புவார்கள்; கதையின் திருப்பங்களில் ஏற்கெனவே வெளிவந்த திரைப்பாட்டுகள் பொருத்தப்படும். வேறு படத்துக்கு எழுதிய பாட்டு இங்கே வேறொருவரின் துயரத்தைச் சொல்லும். பாட்டை அதன் இடத்திலிருந்து எடுத்து இன்னொரு வரிசையில் வைத்தால் அது புதிய பொருள் கொள்ளும் என்பதை இந்த நேயர்கள் செய்து பார்த்தே அறிந்தவர்கள். பிற்காலத்தில் ரெக்கோடிங் பாருக்குக் கையால் எழுதிய பாட்டுப் பட்டியலைக் கொண்டுபோய்க் கொடுத்து, அறுபது நிமிடம் அல்லது தொண்ணூறு நிமிடக் கசெட்டில் பதிந்து வாங்கியதும் இதே கலைதான். எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்பதற்கு ஒவ்வொருவரிடமும் காரணம் இருந்தது.

கற்பனைத் தட்டு நியாயமாக அமைய விதிகள் வேண்டும். காலம் முதல் விதி: 1965-இன் பிரிவிலிருந்து 1970 வரை. அதற்குப் பின் வந்தவற்றைச் சேர்த்தால் இருவரும் வேறு மனிதர்களாக மாறிய பிறகு செய்தவை உள்ளே நுழைந்துவிடும். நீளம் இரண்டாவது: பன்னிரண்டு அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய இருபது நிமிடம் ஓடும், பக்கத்துக்கு ஆறு பாட்டு போதும். குரல்களில் சிரமமே இல்லை. சௌந்தரராஜன், பி.பி.ஸ்ரீநிவாஸ், பி.சுசீலா, எல்.ஆர்.ஈஸ்வரி ஆகியோர் இருவருக்கும் பொதுவான சொத்து. கண்ணதாசனும் வாலியும் அப்படியே.

மூன்றாவது விதிதான் முக்கியமானது: ஆறு பாட்டு அவருக்கு, ஆறு பாட்டு இவருக்கு. புகழை அளவாக வைத்தால் பன்னிரண்டும் விஸ்வநாதனுக்கே போய்விடும். பீட்டில்ஸிலும் இது எழுந்த பிரச்சினைதான். 1969 செப்டெம்பரில் அவர்கள் பேசிக்கொண்ட ஒலிநாடா ஒன்று இருக்கிறது. அடுத்த இசைத்தட்டில் ஜோன் லெனன், போல் மெக்கார்ட்னி, ஜோர்ஜ் ஹாரிசன் மூவருக்கும் தலா நான்கு பாட்டு, ரிங்கோ ஸ்டாருக்கு இரண்டு என்று லெனன் அதில் யோசனை சொல்கிறார். அதுவரை தட்டுக்குப் பெரும்பாலும் ஓரிரு பாட்டு மட்டுமே கிடைத்துவந்த ஹாரிசன், பிரிந்த சில மாதங்களில் மூன்று தட்டுகள் கொண்ட தொகுப்பை வெளியிட்டார். இடம் கிடைக்காமல் தேங்கிக் கிடந்த பாட்டுகள் அதில் நிறைய. சமபங்கு என்ற விதி, குறைவாகக் கேட்கப்பட்டவரின் பக்கம் காதைத் திருப்ப வைக்கிறது. ராமமூர்த்திக்கு அது மிகவும் தேவை.

அவரைப் பற்றி ஒரு பாகுபாடு நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது: மெட்டு விஸ்வநாதனுடையது, வாத்தியக் கோர்ப்பும் கர்நாடக இசையின் அடித்தளமும் ராமமூர்த்தியுடையது. இதைச் சரிபார்க்க ஒரு நல்வாய்ப்பு இயல்பாகவே அமைந்திருக்கிறது. டி.ஆர்.ராமண்ணா என்ற இயக்குநர் ‘பெரிய இடத்துப் பெண்’ (1963), ‘பணக்காரக் குடும்பம்’ (1964) ஆகிய படங்களுக்கு இருவரையும் சேர்த்து அமர்த்தினார். பிரிவுக்குப் பின் ‘பறக்கும் பாவை’க்கு (1966) விஸ்வநாதனையும், ‘நான்’ (1967), ‘மூன்றெழுத்து’ (1968), ‘தங்கச் சுரங்கம்’ (1969) படங்களுக்கு ராமமூர்த்தியையும் அழைத்தார். ஒரே இயக்குநர், அதே கேளிக்கை மனநிலை, பெரும்பாலும் அதே குரல்கள். இருவர் சேர்ந்து செய்தது, ஒருவர் தனியே செய்தது, மற்றவர் தனியே செய்தது என்று மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்கலாம். வேறெந்த இணையர் விஷயத்திலும் இவ்வளவு சுத்தமான ஒப்பீடு எளிதில் கிடைக்காது.

கேட்டால் அந்தப் பழைய பாகுபாடு நிற்பதில்லை. ‘நான்’ படத்தில் எல்.ஆர்.ஈஸ்வரி தென்றலை அழைத்துப் பாடும் பாட்டு மேற்கத்திய நடன இசையின் துள்ளலோடு போகிறது; அதில் துணிச்சலும் உண்டு, இளமையும் உண்டு. கர்நாடக வயலின்காரர் என்ற சட்டகத்துக்குள் அதை அடைக்க முடியாது. மெட்டின் வலிமைக்கு ‘மறக்க முடியுமா?’ ஒன்றே போதும். முரசொலி மாறன் இயக்கிய அந்தப் படத்துக்காக மு.கருணாநிதி எழுதிய காகித ஓடப் பாட்டை சுசீலா பாடினார். அந்த மெட்டை ஒருமுறை கேட்டவர் மறுநாள் வாத்தியம் எதுவும் இல்லாமல் முணுமுணுக்கலாம். மெட்டு அப்படி உட்கார்ந்துவிடுகிறது. மறுபக்கம், வாத்தியக் கோர்ப்பு விஸ்வநாதனுக்குக் கைவராது என்று எவரும் சொல்ல முடியாதபடி ‘அன்பே வா’வும் ‘சிவந்த மண்’ணும் (1969) இருக்கின்றன. இரண்டு முழுமையான இசையமைப்பாளர்கள் பதின்மூன்று ஆண்டு ஒரே பெயர்ப்பலகையின் கீழ் வேலை செய்தார்கள் என்பதே உண்மைக்கு நெருக்கமான கணக்கு.

தட்டை அடுக்கும்போது இந்த உண்மை இன்னும் கூர்மையாகிறது. முதல் பக்கத்தின் தொடக்கத்துக்கு ‘அன்பே வா’வில் சௌந்தரராஜனும் சுசீலாவும் பாடும் குதிரை வண்டிப் பாட்டு, வாலியின் வரிகள், ஓடும் தாளம். உடனே ‘நான்’ படத்தின் ஈஸ்வரி. அதன்பின் வேகம் இறங்க வேண்டும். ‘ராமு’வில் ஸ்ரீநிவாஸ் நிலவை விலகிப் போகச் சொல்லும் பாட்டும் சுசீலாவின் காகித ஓடமும் அடுத்தடுத்து வரலாம். இரண்டும் 1966-இல் வந்தவை, இரண்டிலும் துயரம் அடங்கிய குரலில் பேசுகிறது. அமைத்தவரின் பெயரை மறைத்துவிட்டுக் கேட்கச் சொன்னால், இவை ஒரே படத்தின் பாட்டுகள் என்று நம்புவோர் பலர் இருப்பார்கள். ‘கலங்கரை விளக்க’த்துக்காகப் பஞ்சு அருணாசலம் எழுதிய இருவர் பாட்டும் ‘தேன் மழை’யில் ஒன்றும் அந்தப் பக்கத்தை முடிக்கும்.

இரண்டாம் பக்கத்தில் ‘உயர்ந்த மனிதன்’ (1968) தவறாமல் இருக்க வேண்டும். அதில் சுசீலா பாடிய பாட்டு அவருக்கு முதல் தேசிய விருதைப் பெற்றுத் தந்தது. அதன் மென்மைக்கு எதிரே ‘தங்கச் சுரங்க’த்தின் சௌந்தரராஜன், ‘நெஞ்சிருக்கும் வரை’யின் (1967) திருமணப் பாட்டுக்கு எதிரே ‘மூன்றெழுத்து’ என்று வைத்தால் பக்கம் தொய்யாது. மீதி இரண்டு இடங்களில் ஒன்று ‘சிவந்த மண்’ணின் ஈஸ்வரிக்கு, மற்றது ‘சாது மிரண்டா’லுக்கு.

இத்தனை கவனமாகச் செய்தாலும் இந்தத் தட்டு ஒன்றைத் தர முடியாது. இருவர் ஒரே அறையில் இருக்கும்போது ஒருவர் வாசித்ததை மற்றவர் வேண்டாம் என்பார். ஒரு வயலின் வரி குறையும், ஒரு சரணம் மாறும். தனிப்பாட்டுகளில் அந்த இரண்டாவது காது இல்லை. 1966-இல் இருவரும் சேர்ந்து ‘அன்பே வா’வைச் செய்திருந்தால் அது இப்போதுள்ள ‘அன்பே வா’வாக இருந்திருக்காது. இதை ஏற்றுக்கொண்டே தொகுக்க வேண்டும்.

உண்மையான மறுசேர்க்கையும் அந்தக் குறையைத் தீர்க்கவில்லை. 1995-இல் சந்தான பாரதி இயக்கிய ‘எங்கிருந்தோ வந்தான்’ படத்துக்கு விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் மீண்டும் ஒன்றாக இசையமைத்தார்கள். மறைந்த லெனனின் பழைய ஒலிநாடாவை எடுத்து எஞ்சிய மூவரும் ஒரு பாட்டை முடித்து வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். இங்கே இருவரும் உயிரோடு இருந்தார்கள். ஆனால் இடையில் முப்பது ஆண்டு போயிருந்தது. 1976-இல் இளையராஜாவும் 1992-இல் ஏ.ஆர்.ரஹ்மானும் வந்து திரையிசையின் ஒலியையே மாற்றியிருந்தார்கள். 1966-இன் கேள்விக்கு 1995-ஆல் விடை சொல்ல முடியவில்லை. 2012-இல் தமிழ்நாட்டு முதலமைச்சர் ஜெயலலிதா இருவருக்கும் ஒரே மேடையில் திரையிசைச் சக்கரவர்த்தி என்ற பட்டத்தை அளித்தார். அடுத்த ஆண்டு ராமமூர்த்தியும் 2015-இல் விஸ்வநாதனும் காலமானார்கள்.

கணினியின் உதவியால் பழைய பதிவுகளிலிருந்து குரலை மட்டும் பிரித்தெடுக்க இன்று வழி இருக்கிறது. பீட்டில்ஸின் கடைசிப் பாட்டு 2023 நவம்பரில் அப்படித்தான் வந்தது. அதே வழியில் சுசீலாவின் பழைய குரலைப் பிரித்து, புதிய வாத்தியங்களைச் சேர்த்து, விஸ்வநாதன்–ராமமூர்த்தி பாட்டு என்று பெயர் ஒட்ட எவரும் முனையலாம். அது இருவரும் செய்யாத வேலைக்கு இருவரின் கையெழுத்தையும் போடுவதாகும். லெனன் பாடியதும் மற்றவர்கள் அதற்கு வாசித்ததும் அவர்களே செய்தவை. இங்கே அந்த உரிமை கொண்டவர்கள் இல்லை. தொகுப்பவர் எதையும் பொய்யாக ஆக்குவதில்லை. உள்ளதை உள்ளபடி எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்கச் சொல்கிறார்.

காலவிதியால் வெளியே நிற்கும் பாட்டுகளில் சில மனதைச் சோதிக்கும். ‘அவள் ஒரு தொடர்கதை’ (1974), ‘அபூர்வ ராகங்கள்’ (1975) இரண்டையும் விட்டுவிடுவது எளிதல்ல. இலங்கை நேயருக்கு இன்னும் கடினமானது 1978-இன் ‘பைலட் பிரேம்நாத்’. இலங்கையும் இந்தியாவும் சேர்ந்து எடுத்த படம், சிவாஜி கணேசனோடு மாலினி பொன்சேகா நடித்தது, விஸ்வநாதன் இசை. ஏறாவூரில் தொகுக்கும் ஒருவருக்கு அதிலிருந்து ஒன்றாவது வேண்டும் என்று தோன்றும். ஆனால் 1970-ஐத் தாண்டினால் ராமமூர்த்தியின் பக்கத்தில் எடுக்கக் கிடைப்பது மிகக் குறைவு. ஆறுக்கு ஆறு என்ற கணக்கு அங்கே உடைந்துவிடும்.