மூட்டு வலி எல்லாம் ஒன்றல்ல

ஜவ்வாது மலையிலிருந்து மூட்டு வலியோடு எங்களிடம் வருவோரில் பலர், களை எடுத்ததாலும் தலைச்சுமை தூக்கியதாலும் வந்த வலி என்று எண்ணி, நெடுநாள் பொறுத்திருந்த பின்னரே வருகின்றனர். அவ்வெண்ணம் பெரும்பாலும் சரியே. ஆயினும் சிலருக்கு அப்பொறுமையே மூட்டு கோணிப்போகக் காரணமாகிறது.

மருத்துவமனைக்கு வருவோரை மட்டும் எண்ணினால், ஊரில் எத்தனை பேர் வலியோடு வாழ்கின்றனர் என்பது தெரியாது. எனவே 1996-ஆம் ஆண்டு, உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவில் வகுக்கப்பட்ட ஆய்வுமுறையைப் பின்பற்றி, புனே நகர மூட்டுவாத மருத்துவர் அரவிந்த் சோப்ராவும் குழுவினரும் அம்மாவட்டத்துப் பிக்வான் கிராமத்தில் வீடு வீடாக விசாரிக்கத் தொடங்கினர். பயிற்சி பெற்ற உள்ளூர்த் தொண்டர்கள் கேள்விகளைக் கேட்டனர். வலியுள்ளோரை மருத்துவர்கள் பரிசோதித்தனர். மக்கள் கூறிய உடல்நலக் குறைகளுள் மூட்டு, தசை வலியே முதலிடம் பெற்றது. சரவாங்கி எனப்படும் முடக்குவாதமோ நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே காணப்பட்டது. சிகிச்சையும் ஆய்வும் இணைந்த அம்மருத்துவரின் பணி, எங்களைப் போன்றோருக்குப் பாடமாயிற்று: வலியுள்ளோர் பலர், அவர்களுள் விரைந்து மருந்து தேவைப்படும் சிலரைத் தவறவிடலாகாது.

அச்சிலரை எவ்வாறு அறிவது? தேய்மான வலி வேலை செய்யச் செய்யக் கூடும், ஓய்வெடுத்தால் குறையும். சரவாங்கியில் காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க இயலாத இறுக்கம் அரை மணி நேரத்துக்கும் மேல் நீடிக்கும். விரல் கணுக்கள், மணிக்கட்டு ஆகியவை பெரும்பாலும் இரு கைகளிலும் வீங்கும். இவ்வீக்கம் ஆறு வாரம் நீடிக்கும்வரை காத்திராமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நோயைக் கட்டுப்படுத்தும் மருந்துகள் வேலை செய்யச் சில வாரங்களாகும். அதற்குள் பயனில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை வாரத்தில் ஒரு நாள் மட்டுமே உட்கொள்ள வேண்டும். நாள்தோறும் உட்கொண்டால் உயிருக்கே ஆபத்து. வீட்டார் அந்த நாளை நாட்காட்டியில் குறித்து வைப்பது நலம். கருவுற்றோரும் கருத்தரிக்க எண்ணுவோரும் முன்கூட்டியே எங்களிடம் தெரிவிக்க வேண்டும்.

உடனடி நிவாரணம் தரும் ஸ்டீராய்டு மருந்தை ஆலோசனையின்றித் தொடர்வதும், நீண்ட நாள் உட்கொண்ட பின் திடீரென நிறுத்துவதும் தீங்கானவை. இதுவரை உட்கொண்ட மருந்து எதுவாயினும், அதன் அட்டையை உடன் கொண்டுவாருங்கள். மறைக்க வேண்டாம், நாங்கள் கடிந்துகொள்ள மாட்டோம்.