பனியை வென்ற ஊர்திகள்

ஆற்று மணலில் மிதிவண்டியை ஓட்ட முயன்றோர் ஓர் உண்மையை அறிந்திருப்பர். கெட்டியான சாலையில் விரைந்தோடிய வண்டி, மணலில் இறங்கியதும் தள்ளாடும், சக்கரம் புதையும். ஆனால், அம்மணல்மீது ஓர் அகன்ற பலகையை இட்டு அதன்மேல் நடந்தால், கால் புதைவதில்லை. காரணம் யாது? நம் எடை குறைந்துவிடவில்லை. அது பரந்த இடத்தில் பகிர்ந்து தாங்கப்படுகின்றது. ஆதலின், ஒவ்வோரிடத்தும் அழுத்தம் குறைகின்றது.

ரஷ்யா, நார்வே, கானடா முதலிய குளிர்நாட்டு மக்களுக்கு இவ்வுண்மை வாழ்வோடு பிணைந்தது. அங்கே குளிர்காலத்தில் வயலும் வழியும் ஒன்றாகும்படி உறைபனி குவிகின்றது. புதிதாய்ப் பெய்த பனி, மணலினும் மென்மையானது. அதன்மேல் நடப்பதற்கு அம்மக்கள் நீண்ட சறுக்குக் கட்டைகளைக் காலில் பூட்டிக்கொண்டனர். ஆயினும், பெருஞ்சுமையையும் நோயுற்றோரையும் விரைவாகக் கொண்டு செல்ல அவை போதா. போர் மூண்ட காலத்தில் இக்குறை பெரிதும் உணரப்பட்டது. உணவும் மருந்தும் வந்து சேராவிடின், வீரம் மிக்க படையும் பனியில் மடிய வேண்டியதுதான். இந்நெருக்கடியில் பிறந்தனவே விந்தையான சில பனியூர்திகள்.

அவற்றுள் ஒன்று ரஷ்யரின் ‘ஏரோசான்’. ‘சான்’ என்னும் பகுதி, பனிச் சறுக்குவண்டியைக் குறிக்கும் ரஷ்யச் சொல்லிலிருந்து வந்தது. இதற்குச் சக்கரங்கள் இல்லை. ஒட்டுப்பலகையால் ஆன இலேசான உடலைச் சறுக்குக் கட்டைகள் தாங்கும். பின்புறத்தில் விமானத்திற்கு உரியது போன்ற சுழல்விசிறி ஒன்று இருக்கும். அது காற்றைப் பின்னே தள்ள, வண்டி முன்னே வழுக்கிச் செல்லும். பிற்காலத்தில் ஹெலிகாப்டர் அமைத்துப் புகழ்பெற்ற இகோர் சிகோர்ஸ்கி, தம் இளமையில் இத்தகைய வண்டிகளைச் செய்து பார்த்தார். 1939–40ஆம் ஆண்டுகளில் பின்லாந்தோடு நடந்த போரிலும், பின்னர் இரண்டாம் உலகப் போரிலும் சோவியத்துப் படையினர் இவற்றைப் பயன்படுத்தினர். சில வண்டிகள் இயந்திரத் துப்பாக்கி தாங்கின. சில, காயம்பட்டோரைச் சுமந்து சென்றன. உறைந்த ஏரிகளிலும் சமவெளிகளிலும் ஏரோசான் காற்றெனப் பறக்கும். செங்குத்தான மேட்டிலோ மரங்கள் அடர்ந்த காட்டிலோ அதனால் பயன் இல்லை. அதன் பேரிரைச்சலும் பகைவர்க்கு அதன் வரவை அறிவித்துவிடும்.

அமெரிக்கர் வேறு வழியைக் கண்டனர். ஜெபிரி பைக் என்னும் ஆங்கிலேயர், நார்வே நாட்டுப் பனிமலைகளில் சிறுபடை ஒன்றை இறக்கிச் செருமானியரைத் திகைக்கச் செய்யலாம் எனக் கருதினார். அதற்கென 1942ஆம் ஆண்டில் ஸ்டூடிபேக்கர் என்னும் மோட்டார் நிறுவனத்தார் ஓர் ஊர்தியை வகுத்தனர். அதுவே ‘வீசல்’ எனப்பட்டது. வீசல் என்பது கீரியைப் போன்ற உடலமைப்புடைய சிறு விலங்கின் பெயர். இவ்வூர்தியின் இருபுறமும் சக்கர வரிசையைச் சுற்றி அகன்ற பட்டைகள் ஓடும். ஊர்தி தானே தனக்குப் பலகை விரித்துக்கொண்டு, அதன்மேலேயே நடந்து செல்கின்றது எனலாம். ஏறத்தாழ 1,800 கிலோ எடையுள்ள இவ்வூர்தி பனியை அழுத்தும் அழுத்தம், ஒரு மனிதனுடைய காலடியின் அழுத்தத்தினும் குறைவு!

நார்வேப் படையெடுப்புத் திட்டம் கைவிடப்பட்டது. ஆயினும், வீசல் வீணாகவில்லை. பனிக்கென அமைந்த அதனைச் சேறும் மணலும் தடுத்தில. 1944ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டு நீர்நிலங்களிலும், 1945ஆம் ஆண்டில் இவோ ஜிமா தீவின் எரிமலை மணலிலும் அது பணி செய்தது. போர் முடிந்தபின், கிரீன்லாந்தை ஆராயச் சென்ற பிரெஞ்சு அறிஞர்களும் அதனைத் துணைக்கொண்டனர்.

கானடாவில் தோன்றிய பனியூர்தியின் வரலாறு நெஞ்சை உருக்குவது. கியூபெக் மாகாணத்தில் வால்கூர் என்னும் சிற்றூரில் ஜோசப் அர்மான் பொம்பார்டியர் வாழ்ந்தார். இவர் சிறுவராய் இருந்தபோதே பழைய கடிகாரத்தின் உறுப்புகளைக் கொண்டு ஓடும் பொம்மைகளைச் செய்து மகிழ்ந்தவர். 1922ஆம் ஆண்டில், தம் பதினைந்தாம் வயதில், பழைய மோட்டார்ப் பொறியையும் சுழல்விசிறியையும் பூட்டி ஒரு சறுக்குவண்டியை ஓட்டிக் காட்டினார். சுழலும் விசிறியின் கொடுமையைக் கண்டு அஞ்சிய தந்தையார், அதனைப் பிரித்துவிடுமாறு பணித்தார். மைந்தரும் பணிந்தார், ஆனால், எண்ணத்தைக் கைவிடவில்லை.

1934ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் கொடிய வயிற்று நோயால் துன்புற்றான். அறுவை மருத்துவம் ஒன்றே அவனைக் காக்கும். மருத்துவமனையோ தொலைவில் இருந்தது. வழியெல்லாம் பனி மூடிக் கிடந்தது. தந்தை செய்துகொண்டிருந்த பனியூர்தி இன்னும் முற்றுப்பெறவில்லை. குழந்தை இறந்தது. அத்துயரம் பொம்பார்டியரின் முயற்சியைத் தளர்த்தாமல் வளர்த்தது. இரப்பர் போர்த்த பற்சக்கரமும் இரப்பர்ப் பட்டையும் கொண்ட அமைப்பிற்கு அவர் 1937ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அவருடைய ஊர்திகள் மருத்துவரையும், அஞ்சலையும், பள்ளிச் சிறுவரையும் சுமந்து சென்றன. போர்க்காலத்தில் கானடா அரசினரும் படைக்குரிய பனியூர்திகளை அவரிடம் செய்வித்தனர்.

பொம்மை செய்த கை, உயிர் காக்கும் பொறியைச் செய்தது. ஆதலின், சிற்றுரு அமைத்தலை வெறும் விளையாட்டென எண்ணுதல் தகாது. இன்றும் பலர் இவ்வூர்திகளை 35இல் ஒரு பங்கு அளவில் செய்கின்றனர். 3.2 மீட்டர் நீளமுள்ள வீசல், அவ்வளவில் 9 செண்டிமீட்டருக்குச் சற்று மிகுதியாக இருக்கும். இதற்கெனக் கடைகளில் விற்கும் பிளாஸ்டிக் உறுப்புகளே வேண்டும் என்பதில்லை. அட்டையால் உடலையும், மெல்லிய மூங்கிற் பட்டையால் சறுக்குக் கட்டையையும், பழைய மிதிவண்டிக் குழாயின் இரப்பரால் ஓடும் பட்டையையும் அமைக்கலாம். மூங்கிலை அனலிற் காட்டி நுனியை மேல்நோக்கி வளைக்கும்போது, ‘ஏன் வளைக்கிறோம்?’ என்னும் வினா எழும். வளையாத நுனி பனியைக் குத்திப் புதையும். வளைந்த நுனி அதன்மேல் ஏறிச் செல்லும். இவ்வாறு, கை செய்வதன் காரணத்தை அறிவு தேடுகின்றது.

சிற்றுரு நம்மை ஏமாற்றவும் கூடும். வீசலின் சிற்றுருவை அரிசிமாவின்மேல் வைத்தால், அது சிறிதும் புதைவதில்லை. அதனால் உண்மை வீசலும் புதையாது என முடிவு செய்யலாமா? கூடாது. நீளம் 35இல் ஒரு பங்காகும்போது, தரையைத் தொடும் பரப்பு 1,225இல் ஒரு பங்காகும். எடையோ, அதே பொருள்களால் முழுதும் செய்யப்பட்டால், 42,875இல் ஒரு பங்காகும். அதாவது, 1,800 கிலோ வெறும் 42 கிராமாகிவிடும். எனவே, தரையின்மேல் அழுத்தம் 35இல் ஒரு பங்கே இருக்கும். வடிவத்தைச் சிற்றுரு காட்டும். சுமையைக் கணக்கே காட்டும். இரண்டையும் கற்றவனே பொறியியல் அறிஞன் ஆவான்.

மாணவர்களே! கையில் எடுத்த சிறு வேலையை அளவு பிழையாமல் செய்யுங்கள். அதன் ஒவ்வோர் உறுப்பிற்கும் காரணம் கேளுங்கள். வால்கூர்ச் சிறுவனின் பொம்மையிலிருந்து தொடங்கிய வழி, பனி மூடிய ஊர்களில் நோயாளியின் வாயில்வரை சென்றதை மறவாதீர்கள்.