1888-இல் ஆடியது யார்?

டீ கொஞ்சம் ஆறட்டும். அதற்குள் ஒரு கால்பந்துக் கோப்பையின் கதையைப் பார்த்துவிடுவோம். நம் பக்கத்தில் ஆற்றில் தண்ணீர் வந்து, சம்பாவுக்கு நாற்றங்கால் பேச்சு எழுகிற நாட்களில், பேப்பரின் விளையாட்டுப் பக்கத்தில் ஒரு செய்தி தலைகாட்டும். டூரண்ட் கோப்பை தொடங்கியது, ஆசியாவின் மிகப் பழைய கால்பந்துப் போட்டி, பிறந்த ஆண்டு 1888. படித்துவிட்டுக் கிரிக்கெட்டுக்குப் போய்விடுகிறோம்.

டூரண்ட் என்ற பெயர் நமக்குப் புதிதல்ல. பள்ளிக்கூடத்தில் படித்த டூரண்ட் எல்லைக்கோடு நினைவிருக்கும். 1893-இல் ஆப்கானிஸ்தானுக்கும் அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் நடுவே கோடு போட்ட அதே மார்ட்டிமர் டூரண்டுதான் இந்தக் கோப்பையையும் கொடுத்தவர். அப்போது அவர் இந்திய அரசின் வெளியுறவுச் செயலர். கோடைத் தலைநகரான சிம்லாவில் உடம்பு தேறிக்கொண்டிருந்தபோது, விளையாட்டு ஆளைத் திடமாக வைத்திருக்கும் என்று தோன்றி ஒரு கோப்பையைப் பரிசாக வைத்தார். அவர் போட்ட கோட்டில் சண்டை இன்னும் ஓயவில்லை. கோப்பை பரவாயில்லை, ஒழுங்காகக் கைமாறிக்கொண்டிருக்கிறது.

போட்டி நடந்த விதத்தை முதலில் பார்ப்போம். அன்று அது தோற்றால் வெளியே என்ற முறை. நம் வடிகாலை நினைத்துக்கொண்டால் போதும். வயல் வயலாக வடியும் தண்ணீர் சின்ன வடிகாலில் சேரும், இரண்டு சின்ன வடிகால்கள் ஒரு பெரிய வடிகாலில் சேரும், கடைசியில் எல்லாம் ஒரே வாயில் கடலுக்குப் போகும். அதுபோல இரண்டிரண்டு அணியாக மோதி, ஒவ்வொரு சுற்றிலும் பாதி குறைந்து, முடிவில் இரண்டே அணி நிற்கும். அதுதான் இறுதி ஆட்டம். எல்லோரும் எல்லோரோடும் ஆடிப் புள்ளி சேர்க்கும் லீக் முறை வேறு. அதற்கு மாதக்கணக்கில் நேரம் வேண்டும். ஒரு மலைவாசத்தலத்தில், ஒரே மைதானத்தில் நடத்தி முடிக்க இந்தக் குறுக்குவழிதான் தோது.

இனி, கிட்டத்தட்ட எல்லோருக்கும் இருக்கிற ஒரு தவறான எண்ணத்துக்கு வருவோம். ஆசியாவின் மிகப் பழைய போட்டி, நடப்பது இந்தியாவில், தொடங்கியது 1888-இல் என்று கேட்டதும் நம் மனம் ஒரு கணக்குப் போடுகிறது. அப்படியானால் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் மாதிரி கிளப்புகள் நூற்று முப்பது வருடங்களுக்கு மேலாக இதில் மோதிக்கொண்டிருக்கின்றன என்று. மோகன் பகான் பிறந்ததே 1889-இல், ஈஸ்ட் பெங்கால் 1920-இல். முதல் டூரண்ட் போட்டியின்போது இரண்டும் கிடையாது.

அப்போது ஆடியது யார்? பட்டாளம். முதல் இறுதி ஆட்டத்தில் ராயல் ஸ்காட்ஸ் ஃபியூசிலியர்ஸ் 2-1 என்று ஹைலேண்ட் லைட் இன்ஃபன்ட்ரியை வென்றது. இரண்டும் ஸ்காட்லாந்துப் படைப்பிரிவுகள். ஊரைவிட்டு ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, முகாமில் பொழுது போகாமல் கிடந்த சிப்பாய்களுக்கான ஆட்டம் அது. வெற்றியாளர் பட்டியலை 1888-இலிருந்து வரிசையாகப் படித்துக்கொண்டு வந்தால், ஐம்பது வருடங்களுக்குமேல் ஒரே ஒரு இந்திய அணியின் பெயர்கூட வராது.

பட்டாளம் ஆடுகிற போட்டியில் ஒரு வினோதம் உண்டு. கிளப் என்றால் அதற்கு ஊர் உண்டு, அந்த ஊரில் தலைமுறை தலைமுறையாக ரசிகர்கள் உண்டு. பட்டாளத்துக்கு ஊர் கிடையாது. உத்தரவு வந்தால் மூட்டை கட்டிக்கொண்டு பர்மாவுக்கோ சீமைக்கோ போய்விடும், அணியும் கூடவே போய்விடும். ஹைலேண்ட் லைட் இன்ஃபன்ட்ரி 1893, 1894, 1895 என்று மூன்று வருடம் தொடர்ந்து வென்றது. அன்றைய வழக்கப்படி, தொடர்ந்து மூன்று முறை வென்ற அணி கோப்பையைச் சொந்தமாகவே எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். டூரண்ட் இரண்டாவது கோப்பை செய்து கொடுத்தார். 1897 முதல் 1899 வரை பிளாக் வாட்ச் என்ற இன்னொரு ஸ்காட்லாந்துப் படை மூன்று முறை வென்று அதையும் கொண்டுபோனது. மூன்றாவதாக ஒன்று கொடுத்தபோதுதான், இனி எத்தனை முறை வென்றாலும் இது யாருக்கும் சொந்தமில்லை, சுழற்கோப்பை என்று ஏற்பாடாயிற்று. மனிதருக்குப் பொறுமை அதிகம்தான்.

இந்தியர்களுக்கு அப்போது ஆடத் தெரியாததால்தான் இடம் கிடைக்கவில்லையோ என்று நீங்கள் கேட்கலாம். 1911-ஐப் பார்த்தால் பதில் கிடைத்துவிடும். அந்த ஆண்டு கல்கத்தாவில் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டத்தில் மோகன் பகான் 2-1 என்று ஈஸ்ட் யார்க்‌ஷயர் படைப்பிரிவை வீழ்த்தியது. எதிரே பூட்ஸ் போட்ட சிப்பாய்கள், இந்தப் பக்கம் பெரும்பாலும் வெறுங்கால். ஆகவே குறை காலில் இல்லை. சிம்லா தனக்குள் மூடிக்கொண்டிருந்தது. 1920-களில்தான் மோகன் பகானுக்கு டூரண்ட் ஆட அழைப்பு வந்தது.

பூட்டு உடைந்தது 1940-இல், போட்டி டெல்லிக்கு இறங்கி வந்தபோது. கல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் 2-1 என்று ராயல் வார்விக்‌ஷயர் படைப்பிரிவைத் தோற்கடித்து, டூரண்ட் வென்ற முதல் இந்திய அணி ஆனது. உலகப் போரும் நாட்டுப் பிரிவினையும் சேர்ந்து அடுத்த ஆட்டத்தைப் பத்து வருடம் தள்ளிப்போட்டன. பிரிவினையில் மேசை நாற்காலி முதல் எல்லாவற்றையும் பங்கு பிரித்தார்களே, இந்தக் கோப்பை பழைய டெல்லியில் ஒரு வங்கியின் காவலில் இருந்ததால் தப்பித்து இங்கேயே தங்கியது.

1950-இல் மறுபடி தொடங்கியபோது கோப்பையை எடுத்தது ஹைதராபாத் சிட்டி போலீஸ். மோகன் பகானுடன் முதல் இறுதி ஆட்டம் சமன், மறு ஆட்டத்தில் 1-0. ‘மைதான்’ என்ற இந்திப் படம் பார்த்தவர்களுக்குத் தெரிந்த ரஹீம் சாகிப்தான் அந்தப் போலீஸ் அணியின் பயிற்சியாளர். கால்பந்து மட்டும் ஆடிச் சோறு தின்ன முடியாத காலம். போலீஸ், ரயில்வே, ராணுவம் என்று சம்பளம் தரும் இடமே அணியாகவும் இருந்தது. இது நமக்கு மட்டும் உள்ள கதை இல்லை. கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் பக்கத்துப் பிள்ளைகள் 2023-இல் ரொனால்டோவின் அல்-நஸ்ர் வென்ற அரபு கிளப் கோப்பையைப் பார்த்திருப்பார்கள். 1980-களின் தொடக்கத்தில் அந்தப் போட்டி பிறந்தபோது அதை முதலில் வென்றதும் ஒரு போலீஸ் அணிதான், பாக்தாத்தின் அல்-ஷுர்தா.

நம் மாநிலத்துக்கு இந்தக் கோப்பை வந்ததும் ராணுவம் வழியாகத்தான். குன்னூர் பக்கத்தில் வெல்லிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர் 1955-இல் விமானப்படையை 3-2 என்றும், 1958-இல் கூர்க்கா பிரிகேடை 2-0 என்றும் வென்றது. பழைய வெள்ளைப் பட்டாளங்களைப் போல இது இடம் மாறித் திரிவதல்ல, புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பயிற்சி தரும் நிலையான மையம். நல்ல ஆட்டக்காரர்களை வைத்து அணியைக் கட்டி வளர்க்க முடியும். அந்த அணியின் கோல் காவலர் பீட்டர் தங்கராஜ். ஹைதராபாத்தில் பிறந்து, முன்களத்தில் ஆடத் தொடங்கி, பிறகு கோலுக்கு வந்தவர். நெடுநெடுவென்ற உயரம். 1956, 1960 ஒலிம்பிக், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம், 1967-இல் அர்ஜுனா விருது. கால்பந்து என்றாலே கல்கத்தா என்று சொல்லிக்கொள்ளும் ஒரு நாட்டில், நீலகிரி மலையிலிருந்து போன அணி நான்கு வருடத்தில் இரண்டு முறை டூரண்ட் வென்றதைத் தமிழ்நாட்டிலேயே எத்தனை பேர் சொல்லக் கேட்டிருக்கிறோம்?

2019 முதல் போட்டியின் முக்கிய மேடை கொல்கத்தா. அணிகள் இப்போது முதலில் பிரிவு பிரிவாக ஆடிவிட்டுத்தான் தோற்றால் வெளியே என்ற சுற்றுக்கு வருகின்றன. அட்டவணையில் ஐ.எஸ்.எல். கிளப்புகளுக்கு நடுவே தரைப்படை, கடற்படை, விமானப்படை அணிகளின் பெயர்களும் இருக்கும். 2023-இல் நேபாள ராணுவமும் வங்கதேச ராணுவமும்கூட வந்து ஆடின. இன்றைக்கும் போட்டியை நடத்துவது ராணுவம்தான்.