திருவிழாவில் வாங்கிய விதை முளைக்கட்டும்!

விதைத் திருவிழாவுக்குப் போய்வந்த பலர் வீட்டில் அலமாரியைத் திறந்தால், 'நாட்டு வெண்டை', 'குட்டை அவரை' என்று எழுதிய காகிதப் பொட்டலங்கள் நாலைந்து கிடக்கும். அரங்குகளைச் சுற்றிப் பார்த்த உற்சாகத்தில் வாங்கியவை. ஆடி வந்து போயிருக்கும். பொட்டலம் மட்டும் பிரிக்காமலே இருக்கும். உங்கள் வீட்டிலும் அப்படி இருந்தால், இந்தப் பட்டத்திலேயே விதைத்துவிடுங்கள். விதைக்கு உயிர் உண்டு. நாளாக நாளாக அதன் முளைப்புத்திறன் குறையும்.

2 கிலோவுக்கு 4 கிலோ

திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் 2006-ம் ஆண்டு நெல் திருவிழாவைத் தொடங்கியவர் 'நெல்' ஜெயராமன். நம்மாழ்வாரின் வழியில் ஊர் ஊராகத் தேடி, சுமார் 170 பாரம்பரிய நெல் ரகங்களைச் சேகரித்தவர். திருவிழாவுக்கு வரும் விவசாயிக்கு 2 கிலோ விதைநெல் இலவசம். ஆனால், அடுத்த ஆண்டு அவர் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். 2018 டிசம்பரில் ஜெயராமன் மறைந்தார். மாப்பிள்ளைச் சம்பாவும் காட்டுயானமும் இன்றும் வயல்களில் நிற்கின்றன. காரணம், விதை ஒருவர் வீட்டுக் குதிரில் மட்டும் தங்கவில்லை.

இந்தக் கணக்கு உங்கள் வீட்டுத் தோட்டத்துக்கும் பொருந்தும். அதற்கு வயல் வேண்டாம். 10 அடிக்கு 10 அடி கொல்லை போதும்.

நம் பகுதிக்கு ஏன் அவசியம்?

2011 டிசம்பர் 30 அன்று வீசிய தானே புயலில் நம் மாவட்டத்துப் பலாவும் முந்திரியும் ஒரே நாளில் சாய்ந்தன. அவற்றை மீண்டும் வளர்த்தெடுக்கப் பல ஆண்டுகள் தேவை. கையில் விதை இருந்தால், வெண்டை 45 முதல் 50 நாளில் காய்க்கும். சுரங்கத்துக்காக நிலத்தைக் கொடுத்துவிட்டு வேறு இடம் போன குடும்பங்களும் நெய்வேலியைச் சுற்றிப் பல உண்டு. நிலத்தைத் தூக்கிச் செல்ல முடியாது. விதையை முந்தானையில் முடிந்துகொண்டு போகலாம்.

எப்படித் தொடங்குவது?

நெய்வேலி, குறிஞ்சிப்பாடி பக்கத்து மேட்டு நிலங்களில் மணல் கலந்த செம்மண் அதிகம். தண்ணீர் நிற்காது, சத்தும் தங்காது. எனவே மக்கிய தொழு உரத்தைத் தாராளமாகக் கலந்து, மேட்டுப்பாத்தி போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேர் அழுகாமல் இருக்கவும் அது உதவும். காய்ந்த இலைகளை மூடாக்காகப் போட்டால் ஈரம் காக்கும். புதியவர்கள் வெண்டை, கொத்தவரை, கத்தரி என மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆடியைத் தவறவிட்டால் தைப்பட்டம் இருக்கிறது.

விதை எடுக்க...

நோயில்லாமல் நன்றாகக் காய்க்கும் செடியில் ஒரு துணியைக் கட்டி அடையாளம் வையுங்கள். அதில் சில காய்களைச் சமையலுக்குப் பறிக்காதீர்கள். வெண்டையைச் செடியிலேயே முற்றிக் காயவிடுங்கள். கத்தரி மஞ்சளாகப் பழுத்த பிறகு விதையைப் பிரித்து, கழுவி, நிழலில் உலர்த்துங்கள். சாம்பல் கலந்து, ஈரம் புகாத புட்டியில் அடைத்து, ரகத்தின் பெயரையும் தேதியையும் எழுதி ஒட்டுங்கள்.

இரண்டு விஷயங்களில் கவனம் தேவை. ஒரே பட்டத்தில் இரண்டு வெண்டை ரகங்களை அருகருகே விதைக்காதீர்கள். தேனீக்களால் மகரந்தம் கலந்துவிடும். கடையில் வாங்கும் வீரிய ஒட்டு ரகங்களிலிருந்து விதை எடுத்தால், அடுத்த தலைமுறை தாய்ச்செடி போல இருக்காது. நாட்டு ரகமா என்று கேட்டு வாங்குங்கள்.

எடுத்த விதையில் பாதி உங்களுக்கு, மீதி பக்கத்து வீட்டுக்கு. உங்கள் பாத்தி மழையில் அழுகினாலும், அவர்கள் வீட்டில் ஒரு பிடி இருக்கும். அடுத்த திருவிழாவுக்குப் போகும்போது, வாங்கிய ஒரு பொட்டலத்துக்கு இரண்டாகக் கொண்டுபோய்க் கொடுங்கள்.